ஐந்தாவது முயற்சி



விளையாட்டு மைதானத்தில் நடுவர் செய்த தவறு நமக்குப் பாதகமாக அமைந்தால் நாம் என்ன செய்வோம் என்பது யாவரும் அறிந்ததே. கூக்குரலிடுவோம், முறையிடுவோம், நடுவரின் கண்பார்வையைப் பழிப்போம். அதே தவறு நமக்கு வெற்றியைத் தேடித்தந்தால் என்ன செய்வோம்? பெரும்பாலும் மௌனமாயிருப்போம். அந்த மௌனத்தைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இதற்காக அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வரலாற்றிலிருந்து இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு இடையே ஐம்பது ஆண்டுகள் உள்ளன. இரண்டிலும் ஆடியவர்கள் மாணவர்கள். இரண்டிலும் நடுவர்கள் செய்த தவறு ஒன்றே. ஆனால் அந்தத் தவறினால் வென்றவர்கள் எடுத்த தீர்மானங்கள் வேறு. இரண்டாவது ஆட்டத்தின் பயிற்றுநர் தம் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்ட கிறிஸ்தவர். ஆகையால் அந்த வரலாறு நம்மையும் கேள்வி கேட்கிறது.

அமெரிக்கக் கால்பந்தின் விதி ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணி பத்து கெஜ தூரம் முன்னேறுவதற்கு நான்கு முயற்சிகள் உண்டு. இலக்குக்கோடு அதைவிட அருகிலிருந்தால், நான்கு முயற்சிகளுக்குள் அந்தக் கோட்டைக் கடக்கவேண்டும். நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எத்தனையாவது முயற்சி நடக்கிறது என்று எண்ணிச் சொல்வது நடுவர் குழுவின் பொறுப்பு.

1940ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் நகரில் கார்னெல் பல்கலைக்கழகமும் டார்ட்மத் கல்லூரியும் மோதின. கார்னெல் அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வியே அறியாதது. ஆயினும் அன்று டார்ட்மத் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இறுதி வினாடிகளில் கார்னெல் அணி இலக்குக்கோட்டின் அருகே வந்து, நான்கு முயற்சிகளிலும் தோற்றது. பந்து டார்ட்மத்துக்குப் போயிருக்கவேண்டும். குழப்பத்தில் நடுவர் ரெட் ஃப்ரீசல் கார்னெலுக்கே மீண்டும் ஒரு முயற்சியை அளித்துவிட்டார். அந்த ஐந்தாவது முயற்சியில் கார்னெல் புள்ளிகளைப் பெற்று, 7-3 என்று வென்றது.

பின்னர் ஆட்டத்தின் படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது உண்மை ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தது. நடுவர் ஃப்ரீசல் தம் தவறை எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்டம் முடிந்தபின் முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. கார்னெல் அணி வெற்றியை வைத்துக்கொள்ள விதி இடங்கொடுத்தது. பயிற்றுநர் கார்ல் ஸ்நேவ்லியும் பல்கலைக்கழக நிர்வாகமும் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. வெற்றி உங்களுடையதே என்று டார்ட்மத்துக்குத் தந்தி அனுப்பினார்கள். டார்ட்மத் அதை ஏற்றுக்கொண்டது. இன்றளவும் அந்த ஆட்டத்தின் முடிவு 3-0 என்றே பதிவாகியிருக்கிறது. இதற்குக் கைம்மாறாகக் கார்னெலுக்கு உடனே ஏதேனும் நன்மை வந்ததா? இல்லை. அடுத்த சனிக்கிழமை பென்சில்வேனியா அணியிடமும் 22-20 என்று தோற்றார்கள்.

இனி 1990ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதிக்கு வாருங்கள். மிசௌரி பல்கலைக்கழக மைதானத்தில் கொலராடோ அணி 31-27 என்று பின்தங்கியிருந்தது. இறுதிக் கட்டத்தில் அவர்கள் இலக்குக்கோட்டின் மிக அருகில் நின்றார்கள். இரண்டாவது முயற்சிக்குப்பின் ஓர் இடைவேளை எடுக்கப்பட்டது. அப்போது முயற்சியின் எண்ணைக் காட்டும் பலகையை மாற்ற நடுவர் குழு மறந்துபோயிற்று. அதன் விளைவாகக் கொலராடோவுக்கு ஐந்து முயற்சிகள் கிடைத்தன. ஐந்தாவதில் 33-31 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் தேசிய முதலிடத்தையும் வேறொரு அணியோடு பகிர்ந்துகொண்டார்கள்.

தவறு செய்த நடுவர் குழுவினர் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்கள். வெற்றியோ கொலராடோவிடமே இருந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்கப்பட்டபோது, பயிற்றுநர் பில் மெக்கார்ட்னி மறுத்தார். மைதானத்தின் தரை வழுக்கி வழுக்கித் தம் வீரர்களை விழச்செய்தது என்பது அவர் காட்டிய நியாயம். அதே ஆண்டில்தான் அவர் 'பிராமிஸ் கீப்பர்ஸ்' என்னும் கிறிஸ்தவ ஆண்கள் இயக்கத்தைத் தொடங்கினார். வாக்கைக் காப்பவர்கள் என்பதே அந்தப் பெயரின் பொருள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், அந்த வெற்றியைக் குறித்துத் தாம் மனம் வருந்துவதாக மெக்கார்ட்னி வெளிப்படையாகச் சொன்னார்.

பிரியமானவர்களே, அந்த மனிதர்மேல் கல்லெறிவதற்காக இதை எழுதவில்லை. பல்லாயிரம் ஆண்களைத் தங்கள் குடும்பக் கடமைக்குத் திரும்ப அழைத்தவர் அவர். தம் வருத்தத்தை எட்டு ஆண்டுகளுக்குப் பின்னாகிலும் வாய்திறந்து சொன்னாரே, அதற்கும் தைரியம் வேண்டும். ஆயினும் அவர் 1990இல் முன்வைத்த நியாயத்தை நாம் ஆராயவேண்டும். ஏனெனில் அதே நியாயத்தை நாமும் நம் வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் சொல்லிக்கொள்கிறோம்.

முதலாவது, எங்களுக்கும் அநியாயம் நடந்தது, ஆகவே இது சரிக்குச் சரி என்ற வாதம். தரை வழுக்கியது உண்மையாகவே இருக்கட்டும். அந்தத் தரையில்தான் மிசௌரி மாணவர்களும் ஓடினார்கள். மேலும், நமக்கு நேர்ந்த இழப்பை நாமே கணக்கிட்டு, நாமே ஈடு எடுத்துக்கொள்வது எப்போது நியாயமாயிற்று? அப்படிப்பட்ட கணக்கில் நம் பக்கத் தட்டு எப்போதும் தாழ்ந்தே நிற்கும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று போதிக்கும் நாம், நம் மனதுக்குள் வைத்திருக்கும் தராசையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, விதி இடங்கொடுக்கிறது என்ற வாதம். விதி இரண்டு ஆட்டங்களிலும் இடங்கொடுத்தது. முடிந்த ஆட்டத்தை நடுவர் மாற்றக்கூடாது என்னும் விதி நல்ல விதிதான். அது இல்லாவிட்டால் எந்த ஆட்டமும் முடிவுக்கு வராது. ஆனால் அது நடுவரின் கையைத்தான் கட்டுகிறது. பயிற்றுநரின் கையை அது கட்டவில்லை. சகேயு என்னும் ஆயக்காரன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது, அவனை எந்த அதிகாரியும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயம் முடிகிற இடத்தில்தான் உத்தமம் தொடங்குகிறது.

மூன்றாவது வாதம் இவற்றைவிடக் கனமானது. வியர்வை சிந்தி ஆடியவர்கள் பிள்ளைகள். அவர்களுடைய வெற்றியை விட்டுக்கொடுக்கப் பயிற்றுநருக்கு என்ன உரிமை? நான் இதை இலேசாக எண்ணவில்லை. ஆனால் அதே அளவு வியர்வை சிந்திய எதிரணிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். மாணவர் விளையாட்டில் பயிற்றுநர் என்பவர் ஓர் ஆசிரியர். தம்முடையதல்லாத ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்படி அவர் தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பருவத்தில் அதைவிடப் பெரிய பாடம் வேறு என்ன இருக்கமுடியும்? அந்தப் பாடத்தை அவர்களிடம் மறைப்பதுதான் அவர்களுக்கு இழைக்கப்படும் நஷ்டம்.

அப்படியானால் நடுவரின் ஒவ்வொரு தவறையும் ஆட்டத்திற்குப் பின் திருத்தவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. பந்து கோட்டைத் தொட்டதா, கை முந்தியதா, கால் முந்தியதா என்பவை பார்வையைப் பொறுத்தவை. நொடிப்பொழுதில் தீர்மானிக்கும்படி அவற்றை நடுவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவர் நமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னாலும் பணிந்து ஏற்கவேண்டும். ஆனால் நான்கா, ஐந்தா என்பது பார்வையைப் பொறுத்ததன்று. யார் எண்ணினாலும் ஒரே விடை வரும். இப்படி ஐயமற்றுத் தெரிந்த ஒரு காரியத்தில், நமக்குச் சேராததை வைத்துக்கொள்ள எந்த நியாயமும் துணைநிற்காது.

நடுவர்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஃப்ரீசல் தம் தவறை ஒப்புக்கொண்டது எளிய காரியமன்று. சிறிய ஊர்ப் போட்டிகளிலும் பள்ளிப் போட்டிகளிலும் நடுவராக நிற்பவர்களில் பலர் சொற்பத் தொகைக்கோ ஒன்றுமே வாங்காமலோ வெயிலில் நிற்கிறார்கள். பயிற்றுநரும் பெற்றோரும் அவர்கள்மேல் சீறிப்பாயும் மைதானத்தில், தவறிவிட்டேன் என்று சொல்ல எந்த நடுவருக்குத் துணிவு வரும்? ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறான தீர்ப்பைச் சொல்லி ஈடுகட்டும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. நடுவர் உண்மையைச் சொல்லவேண்டுமானால், அதைச் சொல்வதற்குப் பாதுகாப்பான இடத்தைப் பயிற்றுநர்களே அமைத்துக் கொடுக்கவேண்டும். பயிற்றுநர் நேர்மையாய் நடக்கவேண்டுமானால், நடுவரும் இரு பக்கத்தாருக்கும் ஒரே முகம் காட்டவேண்டும். ஒருவருடைய உத்தமம் மற்றவருடைய உத்தமத்தைத் தாங்குகிறது.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சபையின் வாலிபர் போட்டிகளில் அணியை நடத்துகிறவர்களே, நடுவர் உங்களுக்குச் சாதகமாக எண்ணிக்கையில் தவறினால், எதிரணி வாய்திறக்குமுன் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நடுவராக நிற்கிறவர்களே, தவறு என்று தெளிந்தவுடன் தாமதமின்றி ஒப்புக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் வென்றாயா என்று கேட்குமுன், நேர்மையாய் ஆடினாயா என்று கேளுங்கள்.

கார்னெல் அந்த ஆண்டில் இழந்தது ஒரு வெற்றி. கொலராடோவுக்குக் கிடைத்ததும் ஒரு வெற்றிதான். ஆனால் ஐந்தாவது முயற்சி என்ற சொல் அடிபடும் ஒவ்வொரு முறையும் ஓர் அணியைக் குறித்து மரியாதையும் மற்றொன்றைக் குறித்துக் கேள்வியும் எழுகின்றன. இந்த வாரத்தில் உங்கள் கைக்கும் ஏதாவது ஓர் ஐந்தாவது முயற்சி வந்துசேரலாம். கடைக்காரர் கூடுதலாகத் தந்த சில்லறையாக இருக்கலாம். வேறொருவர் உழைப்புக்கு உங்களுக்குக் கிடைத்த பாராட்டாக இருக்கலாம். ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்திருக்கும் அந்த வேளையில், உண்மையைச் சொல்லும் பெலனைக் கர்த்தர் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.