அலுமாரிக்குள் கிடக்கும் பாதித் தையல்



தையல் தெரிந்த பெண் இருக்கும் வீட்டில், அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பை கிடக்கும். அதற்குள் அவள் ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு வேலை இருக்கும். பிள்ளைகளின் பாடசாலை உடுப்பு தைத்து முடிந்துவிடுகிறது. பெருநாள் உடுப்பும் அப்படித்தான். அடுத்த வீட்டு மாமியின் சாரிச் சட்டையும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவற்றுக்கெல்லாம் ஒரு நாள் குறித்திருக்கிறது, கேட்டு நிற்க ஆளும் இருக்கிறது. சுவரில் தொங்கவிடவென்று தொடங்கிய துணிச் சித்திரத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் அது பைக்குள்ளேயே கிடக்கிறது. இம்மாதம் அந்தப் பையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

மேலே துண்டுத் துணிகளால் ஆன ஒரு படை, நடுவே பஞ்சு விரிப்பு அல்லது பிளானல், கீழே ஒரு துணி. இம்மூன்றையும் ஊடுருவித் தைத்தால் அது குயில்ட். குளிர் நாடுகளில் இது போர்வையாக இருந்தது. பின்னர் இதையே சுவரில் மாட்டும் சித்திரமாகச் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில் 1979இல் நடந்த கண்காட்சி அத்தகைய சித்திரக் குயில்ட்டுகளுக்கென்றே வைக்கப்பட்டது. ஃபெய்த் ரிங்கோல்ட் என்ற ஓவியர் 1980இல் தம் முதல் குயில்ட்டைத் தாயாருடன் சேர்ந்து செய்தார். தாயார் உடுப்பு வடிவமைப்பவர். மகளின் தூரிகையும் தாயின் ஊசியும் ஒரே துணியில் சேர்ந்தன.

“மெஷினில் அடித்ததுதானே, இது என்ன கைவேலை?” என்று நம் வீடுகளில் கேட்பார்கள். அந்தக் கேள்வி அங்கும் இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடக்கும் பெரிய குயில்ட் போட்டியில் 1989இல் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் மெஷின் தையல் குயில்ட் முதன்முறையாகத் தலையாய பரிசைப் பெற்றபோது பலர் முகம் சுளித்தார்கள். மெஷினில் வளைவு வளைவாகத் துணியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் கைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது விளங்கும்.

இதை ப்ரீ மோஷன் தையல் என்கிறார்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும், மெஷினில் எம்பிராய்டரி பழகிய நம் உம்மாமாருக்கு இது அந்நியமானதல்ல. வழக்கமாகத் துணியை நகர்த்துவது ஊசிக்குக் கீழே உள்ள பற்கள். அவற்றை இறக்கிவிட்டாலோ தகட்டால் மூடிவிட்டாலோ துணி நம் கைக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் தையல் போகும். மூன்று படைத் துணிக்கு, குதித்துக் குதித்து இயங்கும் டார்னிங் பாதத்தைப் பொருத்திக்கொள்வது நல்லது. கையால் சுற்றும் மெஷின் இதற்குச் சரிவராது, இரண்டு கையும் துணியில் இருக்க வேண்டும். கால் மெஷினோ மோட்டார் மெஷினோ போதும். புதிதாக வாங்கத் தேவையில்லை.

பலர் கைவிடுவது முதல் நாளில்தான். அடியில் நூல் கூடு கட்டிக்கொள்ளும், மெஷின் பழுதென்று மூடிவைத்துவிடுவார்கள். பெரும்பாலும் பாதத்தை இறக்கும் பிடியை இறக்காமல் விட்டதுதான் காரணம். அதை இறக்கினால்தான் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்கும். பாதமே இல்லாமல் வளையத்தில் வைத்துத் தைத்தாலும் அந்தப் பிடி இறங்கியே இருக்க வேண்டும். தொடங்கும்போது பொபின் நூலை மேலே இழுத்தெடுத்து, இரு நூல்களையும் பிடித்துக்கொண்டு நாலைந்து தையல் போடுங்கள்.

அடுத்தது வேகம். கை முந்தினால் தையல் நீண்டுவிடும். மெஷின் முந்தினால் பொடிப்பொடியாக ஓரிடத்தில் குவியும். துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் பட்டு முறியும். காலும் கையும் ஒத்துப்போவதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. 10 அங்குலச் சதுரமாகக் கழிவுத் துணியில் மூன்று படை வைத்து, நாளுக்குப் பத்து நிமிடம் சும்மா ஓட்டுங்கள். இடியப்பம் பிழிந்தாற்போல் வளைந்து வளைந்து போகலாம், ஆனால் கோடு கோட்டைக் கடக்கக் கூடாது. அதற்கு முன் கடதாசியில் பென்சிலை எடுக்காமல் அதே கோட்டை வரைந்து பாருங்கள். துணி வழுக்கினால், காசு எண்ணுபவர்கள் போடும் றப்பர் விரலுறையை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டால் பிடி கிடைக்கும்.

இனி பைக்குள் கிடப்பதற்கு வருவோம். அது நின்றுபோனதற்கு நேரமின்மையை விட அளவுதான் காரணம் என்பது என் எண்ணம். கட்டில் விரிப்பு அளவில் தொடங்கிய வேலையை மெஷினின் கைக்குக் கீழே சுருட்டித் தள்ளவே தோள் வலிக்கும். அப்படிப்பட்டதை மேல்துணி மட்டும் இணைத்த நிலையில் வைத்திருந்தால், தயங்காமல் வெட்டிச் சதுரங்களாக்குங்கள். மனம் ஒப்பாதுதான்! ஆனாலும் 13 அங்குலச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் நடுப்படையும் அடித்துணியும் வைத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். அடர்த்தியாகத் தைத்தால் துணி சுருங்கும். ஆகையால் தைத்த பிறகே 12½ அங்குலத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும். கால் அங்குலத் தையலில் ஒன்பதையும் இணைத்து ஓரமும் கட்டினால் சுமார் 36 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒரு யார் சதுரம். பின்புற இணைப்புகளை நீளத் துணிப்பட்டியால் மூடிவிடலாம். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் கிடைக்கும் அரை மணியில் ஒரு சதுரத்தின் கால்வாசி முடிந்தாலும், முடிந்தது கண்ணுக்குத் தெரியும்.

எழும்பும் முன் எந்த நிற நூல், எந்த மூலையில் தொடங்குவது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஊக்கால் குத்திவையுங்கள். அடுத்த வாரம் பையைத் திறக்கும்போது யோசிப்பதிலேயே நேரம் போகாது.

சித்திரத்துக்கு வெற்றிலைக் கொடி நல்ல தொடக்கம். பச்சையில் நாலைந்து வகை கட்பீஸ் போதும். டீ சேட் துணி மட்டும் வேண்டாம், இழுபடும். இலைகளை வெட்டி இலேசாக ஒட்டி, ஓரத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டுங்கள். நரம்புகளைச் சற்றுக் கடும் பச்சை நூலில் போடுங்கள். கோடு நடுங்கினால் பிரிக்காதீர்கள், நிஜ வெற்றிலையில் எந்த நரம்பு நேராகப் போகிறது? நூல் இறுக்கம் தவறி அடியில் தொங்கினால் மட்டும் பிரியுங்கள். மற்றதைச் சுவரில் ஊக்கால் குத்தி, ஐந்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மாட்டுவதற்குப் பின்புற மேலோரத்தில் மூன்று அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாயைக் கையால் தைத்து, அதற்குள் மெல்லிய தடியொன்றைச் செருகுங்கள். கீழ் மூலையில் வெள்ளைத் துணித்துண்டொன்றில் உங்கள் பெயர், ஊர், முடித்த ஆண்டு மூன்றையும் அதே மெஷினில் எழுதித் தைத்துவிடுங்கள்.