நிழலுக்கேற்ற புல் நம் மண்ணிலேயே இருக்கிறது

வீடு கட்டி முடிந்ததும் முற்றத்தில் புல் பதிப்பது இன்று நமது மலைநாட்டு ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. வெயில் படும் இடத்தில் அது அழகாகத்தான் இருக்கிறது. பலாமரத்தின் கீழும் மதிலோரத்திலும் பதித்த புல்லோ பல வீடுகளில் மஞ்சளித்து, திட்டுத் திட்டாய் அழிந்துபோகிறது. இதற்குக் காரணம் பராமரிப்புக் குறைவு மட்டுமா? இடத்துக்கு ஏற்ற புல்லை நாம் தெரிவு செய்யவில்லை என்பதே என் கருத்து.

கிக்குயு புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்காபிரிக்காவின் மேட்டுநிலங்கள் அதன் தாயகம். அதற்கு நல்ல வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் மெலிந்துவிடும்.

ஆனால் நமது காடுகளில் மர நிழலிலேயே வளரும் ஒரு புல் இருக்கிறது. தாவரவியலில் அதன் பெயர் ஒப்லிஸ்மெனஸ் கொம்பொசிட்டஸ். ஈட்டி முனை போன்ற இலை. இலையின் மேற்பரப்பு அலையலையாக இருக்கும். தண்டு நிலத்தில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். சில பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இதன் இலையே உணவு. இந்தப் புல்லைத்தான் நாம் களை என்று பிடுங்குகிறோம், களைநாசினி தெளிக்கிறோம்.

பெற்றோரின் தயக்கம் எனக்கு விளங்குகிறது. புல் வளர்ந்தால் பாம்பு வரும் என்பார் உம்மா. இதன் விதைகள் பசையோடு அபாயாவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்மை. வாசலையும் நடைபாதையையும் துப்புரவாக வைத்து, பூக்கும் முன் வெட்டிவிட்டால் இரண்டையும் சமாளிக்கலாம்.

எங்கள் வீட்டுப் பின்புறச் சரிவில் இரண்டு பாயளவு இடத்தை இப்படி விட்டுவைத்திருக்கிறோம். கடும் மழைக்குப் பிறகும் அங்கே மண் அப்படியே இருக்கிறது. தினமும் கூட்டிப் பெருக்கும் பக்கத்தில் பலாவின் வேர்கள் வெளியே தெரிகின்றன. புல் மண்சரிவைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மேல்மண் கழுவுண்டு போவதை அது குறைக்கும். சரிவில் வாழும் நமக்கு அதுவே பெரிய உதவி.

இதற்காகக் காட்டுக்குள் போய்ப் பிடுங்க வேண்டாம். வேலியோரத்தில் முளைத்ததில் வேருள்ள சில கணுக்கள் போதும். தோழியரே, அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்: மரத்தடியில் ஓர் இடத்தையாவது மருந்து தெளிக்காமல் விட்டுவைப்போமா?