காசநோய்: ரிசல்ட் வரும்போது நோயாளி எங்கே?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். பக்கத்து சுகாதார நிலையத்தில் சளி மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள். "ரிசல்ட் வந்ததும் சொல்றோம், போயிட்டு வாங்க" என்கிறார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

மாதிரி தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குப் போய் முடிவு திரும்பி வர நாட்கள் ஆகும். கூலி வேலைக்குப் போகிறவர் இன்னொரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் காசும் செலவழித்து மறுபடி வர வேண்டும். பலர் வருவதில்லை. நோய் உறுதி என்று பதிவேட்டில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றலாம்.

மைக்ரோஸ்கோப் உள்ளூரிலேயே இருக்கிறதே என்றால், ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் அதில் தெரியும். மூலக்கூறு சோதனைக்கு அதைவிட மிகக் குறைவே போதும். முடிவும் சுமார் 2 மணி நேரத்தில் வந்துவிடும்.

உகாண்டா என்ன செய்தது?

அங்கே 20 சுகாதார மையங்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதி மையங்களில் பேட்டரியில் ஓடும் சிறிய ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின். மீதியில் பழைய முறை. 2021-ல் வெளியான முடிவு இது: நோய் உறுதியாகி 14 நாளுக்குள் சிகிச்சை தொடங்கியவர்கள் மெஷின் இருந்த மையங்களில் 342 பேர், மற்றவற்றில் 220 பேர்.

ஆனா, இது மெஷின் மட்டும் செய்த வேலை இல்லை. அன்றே சோதனை, அன்றே மாத்திரை என்று மையத்தின் வேலைமுறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு மாதமும் எப்படிச் செயல்பட்டோம் என்ற கணக்கையும் ஊழியர்களிடம் காட்டினார்கள்.

தென்னாப்பிரிக்கா உட்பட நான்கு நாடுகளில் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. நர்ஸ்களே மெஷினை இயக்கினார்கள், அன்றே சிகிச்சை தொடங்கியவர்களும் கூடினார்கள். ஆனால் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் நோயின் தீவிரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம், சோதனையில் தெரியாவிட்டாலும் அறிகுறி, எக்ஸ்ரேயை வைத்தே பலருக்கு சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். மெஷின் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கணும்.

இங்கே?

2023-ல் உலகில் காசநோய் வந்த சுமார் 1.08 கோடி பேரில் 26% பேர் இந்தியர்கள். கோவாவில் உருவான ட்ரூநாட் மெஷினும் பேட்டரியில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம். ஆனால் சிப் தீர்ந்துபோனால் அது வெறும் பெட்டி.

நோயாளிகளின் சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் அது நோய் உறுதியாகிப் பதிவான பிறகு வருவது. ரிசல்ட்டுக்காக அலையும் நாட்களின் கூலி, நோயாளியின் சொந்தக் கணக்கு.