ரயில் ஓட்ட ஆள் எங்கே?



நைட் ட்ரெய்ன்ல ஏறி, பெர்த்தில் படுத்து நிம்மதியா தூங்குறோம். முன்னாடி எஞ்சின்ல இருக்கிறவர் கடைசியா எப்போ நல்லா தூங்கினார்னு என்னைக்காவது யோசிச்சிருக்கோமா?

2023-ல் ரயில்வேயில் சுமார் இரண்டரை லட்சம் பணியிடங்கள் காலியாக இருந்தன. இது நாம் கட்டிவிட்ட கணக்கு இல்லை. 2023-ல் ஒன்றிய ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் தந்த பதில்.

உதவி லோகோ பைலட் பணிக்கு 2018-ல் அறிவிப்பு வந்தது. அடுத்த அறிவிப்பு 2024 ஜனவரியில்தான்! அதிலும் 5,696 இடங்கள் மட்டுமே. ஜூன் 17-ல் மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் பலியானார். சில நாட்களிலேயே அந்த 5,696, 18,799 ஆனது.

ஆள் பற்றாக்குறையால்தான் விபத்து நடந்தது என்று சொல்ல வரவில்லை. நம்ம கேள்வி ஒண்ணுதான்: கூடுதலான அந்த 13,000 இடங்களும் ஒரே வாரத்திலா காலியாச்சு? இல்லைன்னா, அதுவரை அந்த வேலையை யார் தலையில் கட்டினீர்கள்?

பதில் நமக்குத் தெரியும். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடியது சம்பளத்துக்காக அல்ல, முறையான வார ஓய்வுக்காக!

இன்னொண்ணையும் புரிஞ்சுக்கணும். லோகோ பைலட்டை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி முடித்து உதவியாளராகச் சேர வேண்டும். பிறகு சரக்கு ரயில், அடுத்து பயணிகள் ரயில், அதற்கப்புறம்தான் எக்ஸ்பிரஸ். பல வருஷ அனுபவம் வேணும். ஐந்தாறு வருஷம் ஆள் எடுக்காமல் விட்ட பள்ளத்தை ஒரே அறிவிப்பில் மூட முடியுமா?

எடுக்கிற லட்சணத்தையும் பாருங்க. 2024 ஜனவரியில் அறிவிப்பு, முதல் தேர்வு நவம்பரில். 2025 மார்ச்சில் இரண்டாம் கட்டத் தேர்வுக்கு நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தெலங்கானாவுக்கு அலைய விட்டார்கள். கைக்காசு போட்டுப் போய் நின்றவர்களிடம், தேர்வு நாளன்று "ரத்து" என்றார்கள்.

இன்னொரு பக்கம், ஐசிஎஃப்பிலும் பொன்மலை பணிமனையிலும் அப்ரண்டிஸ் முடித்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் வேலைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். கைத்தொழில் கற்றுக்கொடுத்ததும் ரயில்வே, காக்க வைப்பதும் ரயில்வே!

நம் கோரிக்கைகள்:

🔴 ஆண்டுதோறும் தவறாமல் ஆள் எடுப்பு. அறிவித்த ஓராண்டுக்குள் பணி ஆணை.
🔴 தமிழ்நாட்டுத் தேர்வர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே தேர்வு மையம்.
🔴 அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு வேலையில் முன்னுரிமை.
🔴 லோகோ பைலட்டுகளுக்கு முழு வார ஓய்வு.

வந்தே பாரத்துக்குக் கொடி அசைத்தால் மட்டும் போதாது. அதை ஓட்டவும், தண்டவாளத்தைப் பராமரிக்கவும், சிக்னலைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும்.

உங்க வீட்டில், தெருவில் ரயில்வே தேர்வு எழுதிக் காத்திருக்கும் தம்பி, தங்கை இருக்காங்களா? அவங்க அனுபவத்தைக் கமெண்டில் எழுதச் சொல்லுங்க. பகிருங்கள்!

#ரயில்வே_காலியிடங்களை_நிரப்பு