எட்டு மூலைத் தேவாலயம்

வட இங்கிலாந்தில் டீஸ் ஆறு வளைந்தோடும் சிற்றூர் யார்ம். அங்குள்ள மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு எட்டுச் சுவர்கள்! 1763-ல் கட்டத் தொடங்கியது.

ஏன் இந்த வடிவம்? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1757-ல் நார்விச் நகரில் வேறொரு சபையாரின் எட்டு மூலைத் தேவாலயத்தைக் கண்டார். அது அவர் மனத்தைக் கவர்ந்தது. நீண்ட கூடத்தில் கடைசி வரிசைக்குப் பேச்சு கேட்காது. எட்டு மூலைக் கூடத்திலோ அனைவரும் பிரசங்கியாரைச் சூழ்ந்து அமரலாம்.

1764-ல் யார்மில் பிரசங்கம் செய்த வெஸ்லி, இங்கிலாந்திலேயே மிக நேர்த்தியான பிரசங்கக் கூடம் இதுதான் என்று நாட்குறிப்பில் எழுதினார். இரண்டரை நூற்றாண்டு கடந்தும் அங்கே வழிபாடு நடக்கிறது.

அன்று ஏழைகள் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்குக் காதுதான் புத்தகம். மண்டபம் கட்டுவோர் கடைசி வரிசைக்காரரை முதலில் நினைக்க வேண்டும். அவர் காதில் சொல் விழாவிட்டால், கட்டிடம் வானளாவி நின்றும் என்ன பயன்?