காலண்டரில் போட முடியாத பழமொழி

சென்ற வாரம் விருதுநகரில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம், "நீங்க பிரஸ்ல இருந்தவராச்சே சார், தினசரி காலண்டர்ல அடியில ஒரு பொன்மொழி போடுறாங்களே, அதெல்லாம் எங்கேர்ந்து எடுப்பீங்க? நான் அதைப் படிச்சிட்டுத்தான் காபியே குடிப்பேன்" என்றார். அந்த நேரம் சாம்பார் வாளி வந்துவிட்டதால் தப்பித்தேன். இங்கே தப்பிக்கப் போவதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். அதில் பாதி வருடங்களுக்கு மேல், தினசரித் தாளுக்கு 365 பொன்மொழி தொகுத்துக் கொடுத்ததும் நானே. அதனால் கூண்டில் ஏறி நின்றுகொண்டுதான் இந்தக் குற்றச்சாட்டைப் படிக்கிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காலண்டரில் அட்டை வேறு, தாள் வேறு. அட்டையில் சாமி படமும் கடைப் பெயரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாறும். கீழே தைத்திருக்கும் தினசரித் தாள்கட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். நகைக்கடை கொடுப்பதிலும் அடகுக்கடை கொடுப்பதிலும் பட்டாசுக் கம்பெனி கொடுப்பதிலும் அதே ராகு காலம், அதே எமகண்டம், அதே ஒற்றைச் சொல் ராசி பலன், அதே பொன்மொழி. ஆகவே யார் மனதும் கோணாத வாசகம்தான் அங்கே இடம்பெற முடியும்.

நான் சேர்ந்த புதிதில் 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்று ஒரு தேதிக்குப் போட்டுவிட்டேன். மேலாளர் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நம்ம பார்ட்டியில பாதிப் பேர் நகைக்கடை. தை மாசம் அவன் கடைச் சுவத்துல இது தொங்கணுமா?" என்று கேட்டார். அடித்தேன். கடனைப் பற்றிய பழமொழிகளும் போயின, அடகுக்கடைக்காரர்களுக்காக. வைத்தியனைக் கிண்டல் செய்வது, வக்கீலைக் கிண்டல் செய்வது எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. சாதியையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பழமொழிகள் நம்மிடம் ஏராளம். அவற்றை அடித்ததில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் இத்தனையும் போன பிறகு கையில் மிஞ்சியது என்ன? பொறுமை. உழைப்பு. அடக்கம். மறுபடி பொறுமை.

பழமொழி அப்படிப்பட்ட சாதுவான பொருள் அல்ல. என் அம்மா காலையில் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பாள். ரேஷன் கடையில் சீனி இல்லை என்று திருப்பி அனுப்பினால் மத்தியானமே 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று மறுபடி கிளம்பிப் போவாள். 'பதறாத காரியம் சிதறாது' என்பதும் நம்முடையது, 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதும் நம்முடையது. எதை எப்போது எடுப்பது என்பது சொல்பவர் பொறுப்பு. அவர் எதிரே நின்று சொல்வார். தப்பாகச் சொன்னால் திருப்பி ஒன்று கேட்டுக்கொள்வார். பெர்சிவல் பாதிரியார் 1870களில் 6,000-க்கு மேல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். 1897-ல் ஜென்சன் என்ற இன்னொரு பாதிரியார் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்புப் போட்டார். அவற்றைப் புரட்டினால் நம் ஊர்ச் சந்தையில் நிற்பது போல இருக்கும். ஒன்றை ஒன்று வெட்டும், ஏசும், சிரிக்கும். எங்கள் தாள்கட்டில் 'பொறுத்தார்' வருடம் தவறாமல் வந்தார். 'அழுத பிள்ளை' ஒரு வருடம்கூட வரவில்லை.

இனி பெயர்கள். வெறும் பழமொழிக்கு மதிப்பில்லை, அடியில் ஒரு பெரியவர் பெயர் வேண்டும் என்று முதலாளிகள் விரும்பினார்கள். படிப்பவர்களும்தான், நம்மையும் சேர்த்துச் சொல்கிறேன். காமராஜர் நம் மண்ணின் மனிதர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர். யார் என்ன கேட்டு வந்தாலும் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பாராம். அவ்வளவுதான் பேச்சு. அவர் பெயரைப் போட்டு இன்று செல்போனில் எதுகை மோனையோடு வருகிற அடுக்குமொழிகளைப் பார்க்கும்போது, இதையெல்லாம் அவர் எந்தப் பொழுதில் உட்கார்ந்து யோசித்தார் என்று தோன்றும். கலாம் பெயரில் வருவதையெல்லாம் அவரே சொல்லியிருந்தால் ராக்கெட் பக்கம் போக நேரமே இருந்திருக்காது. நாமும் யோசிக்காமல் பூப்படம் ஒட்டி, காலை வணக்கம் சேர்த்து, இருபது பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

சிரிக்க எனக்குத் தகுதி குறைவு. ஒரு வருடம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் நாலைந்து தேதிகளுக்குப் பொன்மொழி போதவில்லை. நானே எழுதினேன். அதில் ஒன்று, பொறுத்திருப்பவன் வாசலில் காலம் கைகட்டி நிற்கும் என்பது. கீழே ஒரு பெரிய துறவியின் பெயரைப் போட்டேன். (எந்தத் துறவி என்று கேட்காதீர்கள்.) அன்றைக்கு என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

என் அக்கா பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான். அப்புறம் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே காலண்டர் தாளில்தான். பிடித்த தாள்களைக் கிழித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். அத்தானுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றி வலது கை வெந்துபோனபோது, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. 1923-ம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இருக்கட்டும் தம்பி. மொதலாளி பாத்துச் செய்வாரு. பொறுமையா இருப்போம்" என்றாள். எழுந்து போய் டின்னைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். "நான் சொல்லல. பாரு, எவ்வளவு பெரிய மகான் சொல்லிருக்காரு."

என் வாசகம். நான் மெய்ப்புப் பார்த்த எழுத்து. ஒற்றுப் பிழைகூட இல்லை.

'அக்கா, இது நான் எழுதினது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த டின்னில் இருக்கிற மற்ற தாள்கள் என்ன ஆகும் என்று தயங்கினேன். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். இரண்டு வருடம் போனது. மனுவும் போகவில்லை. அத்தான் இடது கையால் சாப்பிடப் பழகினார்.

காலண்டர் தத்துவம் என்று கேலி செய்கிற படித்தவர்கள் பக்கம் நான் சேரவில்லை. அக்காவுக்கு எழுத்து தந்ததும் அந்தத் தாள்தான். ஒரு வரி அறிவுரைக்கு மனிதன் ஏங்குவதில் தப்பு எதுவும் இல்லை. வெறும் வயிற்றில் வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு முழுப் புத்தகம் படிக்க ஏது நேரம்? என் சண்டை தயாரிக்கிறவர்களோடு. யார் சொன்னது என்று தெரியாவிட்டால் பெயர் போடாதே. விருப்பப்பட்டதை மட்டும் பொறுக்கி, எதிர்ப்பக்கத்துப் பழமொழியை மறைக்காதே. பட்டாசுத் திரி சுற்றுகிறவன் வீட்டுச் சுவரில் 365 நாளும் பொறுமையைத் தொங்கவிட்டால், அது யாருக்கு லாபம் என்று ஒரு தரமாவது யோசி.

சித்திரையில் பழைய அச்சகத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருட ஆல்பம் வெளியாக வேண்டும், பொன்மொழி வேண்டும் என்றான். எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். இருநூற்றுச் சொச்சம் பழமொழி. ஒன்றின் கீழும் பெயர் இல்லை. தை மாதத்தில் 'மின்னுவதெல்லாம்', பங்குனியில் 'அழுத பிள்ளை'. மீதி நாளுக்கு என்ன சார் என்றான்.

"காலியா விடு. வீட்டுப் பெண்கள் பால் கணக்கு எழுதிக்குவாங்க."

"காலியா இருந்தா ஆர்டர் வராது சார்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஆடியில் ஆல்பம் வந்ததும் பார்க்க வேண்டும்.