மகாமகத்துக்கு முன் கடைகளுக்கு ஒரு வரம்பு

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. படித்துறை, சாலை, கழிப்பறை, தங்குமிடம் என்று அதற்கான பட்டியல் நீளும். குளத்தை நோக்கி லட்சக்கணக்கானோர் நடக்கப்போகும் தெருக்களில் எவ்வளவு பெரிய கடை எழும்பலாம் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமே இருப்பதில்லை. திருவிழா சில நாட்களில் முடிந்துவிடும். இன்று அனுமதி பெறும் கட்டடமோ அடுத்த பல மகாமகங்களுக்கும் அதே இடத்தில் நிற்கும். ஆகவே நம் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம். கோயில்களைச் சுற்றிய பழைய நகரத்துக்குள் ஒரு கடையின் பரப்புக்கு உச்சவரம்பு வேண்டும். அதைத் தாண்டும் வணிக வளாகங்களுக்கு நகரின் முழுமைத் திட்டத்திலேயே இடம் குறிக்க வேண்டும். விண்ணப்பம் வர வர நிலத்தின் பயன்பாட்டை மாற்றித் தரும் வழக்கம் நிற்க வேண்டும்.

இந்த ஊர் கோயில்களால் மட்டும் பிழைக்கவில்லை; கடைத்தெருவாலும் பிழைக்கிறது. திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான் பக்கத்துக் குடும்பங்கள் கல்யாணம் என்றால் பட்டுக்கும் நகைக்கும் சீர்ப் பாத்திரத்துக்கும் இங்குதான் வருகின்றன. பேருந்தில் வந்து இறங்கி, நாலைந்து கடை ஏறி இறங்கி, விலை பேசி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே அடுத்த தெருவுக்குப் போவார்கள். தேர் ஓடவும் மக்கள் நடக்கவும் அமைந்த வீதிகள் இந்த வியாபாரத்தைக் காலங்காலமாகத் தாங்கியிருக்கின்றன. ஒரே வாசலுக்குள் பல மாடிகளில் துணி, நகை, பாத்திரம், மளிகை எல்லாம் அடுக்கப்பட்டு, அந்த வாசலைக் குறிவைத்தே கார்களும் வேன்களும் வரும்போது அதே வீதி தாங்குவதில்லை. முகூர்த்த நாளில் உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் ஒருமுறை போய்வந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

விதி இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்துகின்றன. சாலையின் அகலத்தைப் பார்த்துக் கட்டடத்தின் உயரமும் பரப்பும் தீர்மானிக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கவும் வழி இருக்கிறது. குறை எங்கே என்றால், இந்தக் கணக்கு பெரும்பாலும் மனையின் எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பக்க இடைவெளி, படிக்கட்டு, மின்தூக்கி, வாகன நிறுத்தம் எல்லாம் வரைபடத்தில் சரியாக இருந்தால் போதும். அந்தத் தெருவில் ஏற்கெனவே எத்தனை பெரிய கடைகள் இருக்கின்றன, இன்னொன்று வந்தால் ஆம்புலன்ஸ் நுழையுமா என்று தெரு முழுவதையும் சேர்த்துக் கணக்குப் போடுபவர் இல்லை. சாலை அகலம் என்பதும் ஆவணத்தில் ஒன்று, நேரில் வேறொன்று. சாக்கடை, மின்மாற்றி, கடைகளின் முன்படிகள், நிறுத்திய இருசக்கர வாகனங்கள் எல்லாம் போக மிஞ்சுவதே உண்மையான அகலம். வரைபடத்தில் வாகன நிறுத்தமாக இருக்கும் அடித்தளம் சரக்குக் கிடங்காக மாறுவதையும் தமிழகத்தின் எல்லாக் கடைத்தெருக்களும் பார்த்திருக்கின்றன.

மீறினால் என்ன ஆகும்? நம் அரசுகள் சொல்லிவந்த பதில், பணம் கட்டினால் சரியாகிவிடும் என்பதுதான். 1998-இல் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில்தான் ஏற்றது. அதன் பிறகும் கெடுத் தேதிகள் நகர்ந்தன. பின்னர் 1.7.2007-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்காக 113-சி வந்தது. வரைபடப்படி கட்டியவர் ஏமாளியாகவும், மீறியவர் கெட்டிக்காரராகவும் ஆனதுதான் இதன் பலன். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் 31.5.2017 அன்று பற்றிய தீ ஒரு நாளுக்கும் மேல் எரிந்து, அடுக்குமாடித் துணிக்கடையை இடித்துத் தள்ள வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது. நெரிசலான கடைவீதியில் தீயை அணைப்பது எவ்வளவு கடினம் என்பதை மாநிலமே தொலைக்காட்சியில் பார்த்தது.

கும்பகோணத்துக்குச் சென்னையின் உதாரணம்கூட வேண்டாம். 1992 மகாமகத்தன்று நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். 16.7.2004 அன்று, கூரை வேய்ந்த வகுப்பறையில் 94 குழந்தைகள் கருகினார்கள். கட்டட விதியை ஒரு சடங்காக நினைக்க இந்த ஊருக்கு உரிமை கிடையாது.

இப்போது ஒரு வலுவான துணையும் கிடைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 17-ஆம் தேதித் தீர்ப்பில், அனுமதியின்றிக் கட்டிய கட்டடத்தில் தொழில் நடத்த எந்த அமைப்பும் உரிமம் தரக் கூடாது, உரிய சான்றிதழ் இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடை உரிமத்தைப் புதுப்பிக்கும் மாநகராட்சியின் கையிலேயே சாவி இருக்கிறது. அடித்தளத்தில் வாகனம் நிற்கிறதா, மூட்டை நிற்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு உரிமம் கொடுக்கட்டும்.

சிறு வணிகர்களைக் காப்பாற்றுவதற்காகப் பெரிய கடைகளைத் தடுக்கச் சொல்கிறோம் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி அல்ல. போட்டியிலிருந்து பாதுகாப்பு கேட்க எந்தக் கடைக்கும் உரிமை இல்லை. பெரிய ஜவுளிக்கடை சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு வேலை தருகிறது. வாங்குபவருக்கும் விலையில் லாபம் உண்டு. ஆனால் பொதுத் தெருவை இலவச வாகன நிறுத்தமாக எடுத்துக்கொண்டு கிடைக்கும் லாபம் போட்டியால் வந்ததாகாது. நெரிசல் என்றதும் முதலில் அகற்றப்படுபவர் பூக்காரம்மாவும் தள்ளுவண்டிக்காரரும்தான். வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடும் இடத்தை இயற்கைச் சந்தை என்று 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஏற்கிறது. அந்தச் சட்டத்தின் காவல் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அப்படியானால் பெரியவை எங்கே போகும்? புறவழிச்சாலைக்கு என்பது எளிதாக வரும் பதில். அது அரை பதில்தான். நான்குவழிச் சாலையின் இருபுறமும் வயல்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் எண்ணெய்க் கிணறு, தோல் தொழிற்சாலை, உருக்காலை போன்றவற்றைத் தடை செய்கிறது. ஒரு நஞ்சை வணிக வளாகமாவதை அதன் தடைப் பட்டியல் தொடவில்லை. வயல் வயலாக மாற்றிக்கொண்டே போனால் சாலை நெடுகக் கடை முளைக்கும். நகரத்துக் கடைத்தெருவும் வாடும்.

ஐரோப்பா இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. பிரான்ஸ் 1973-இலேயே பெரிய கடைகளுக்குத் தனி அனுமதி முறையைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 1,200 சதுர மீட்டர் தளப் பரப்பைத் தாண்டும் சில்லறைக் கடை, சுற்றுப்புறத்தைப் பாதிக்கும் என்ற அனுமானத்தின் பேரில், நகர மையத்திலோ அதற்கென்றே குறித்த சிறப்புப் பகுதியிலோ மட்டுமே வர முடியும். நம் மையம் அந்தப் பளுவைத் தாங்காது. ஆகவே நமக்கு மிஞ்சுவது குறித்த பகுதி என்ற வழிதான். நகரப் பேருந்து போய்வரக்கூடிய, விளைநிலம் அல்லாத ஓரிரு இடங்களை வரைபடத்தில் குறித்து, மற்ற இடங்களில் பெரிய கடைக்கு இடமில்லை என்று திட்டவட்டமாக எழுதிவைக்க வேண்டும். நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு: மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட 1997-இலேயே அரசாணை தடை விதித்தது. கோபுரத்துக்காக உயரத்தை வரையறுக்க முடிந்த அரசுக்கு, நடந்துவரும் மக்களுக்காகப் பரப்பை வரையறுக்கவும் முடியும்.

2021-இல் தாராசுரம் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்த்து மாநகராட்சியாக உயர்ந்த நகரம் இது. மாமன்றம் பழைய நகரத்தின் எல்லையைத் தெருப் பெயர்களோடு தீர்மானமாக நிறைவேற்றட்டும். உள்ளூர் திட்டக் குழுமம் கடைப் பரப்பின் வரம்பையும் வணிக வளாகங்களுக்கான இடங்களையும் வரைவாக வெளியிட்டு, வார்டு வார்டாக ஆட்சேபம் கேட்கட்டும். இரண்டும் மகாமகத்துக்கு முன் முடிந்தாக வேண்டும். அதுவரை பழைய நகரத்துக்குள் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான புதிய விண்ணப்பங்களை நகர் ஊரமைப்பு இயக்ககம் நிறுத்திவைக்க வேண்டும்.